நாளும் ஆளும்: ஹொக்கி வீரர் தியான் சந்த்

பஞ்சாங்கம் பாராமல் நற்காரியமொன்றைத் தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கமன்று. ஊரிலே தமிழ்ப் பண்டிதன் ஒருவன் இருந்துவிட்டால் நாட்பார்க்கும் வேலையும் அவன் தலையில் வந்து விழும். இலக்கணம் படித்தவனுக்குச் சோதிடமும் தெரிந்திருக்கும் என்பது சனங்களின் நம்பிக்கை. பாலையூற்றில் வாழும் எனக்கும் அவ்வேலை வாய்த்தது. புதுமனை புகுதல், ஏடு தொடக்கல், கடை திறத்தல் எனப் பலவற்றுக்கும் நாட்கேட்டு வருவோரை நான் மறுத்தனுப்புவதில்லை. மறுத்தனுப்பியிருக்க வேண்டிய ஒரு நாளும் இருந்தது. அதனை நினைந்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என்னிடம் பத்தாந்தரத்திற் படித்த மாணவன் ஒருவன் ஹொக்கி ஆட்டத்தில் வல்லவன். மாவட்ட அணிக்கு ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் நாள் நெருங்கியபோது, அவனுடைய அம்மம்மா என் வீட்டுக்கு வந்து அந்த நாள் பேரனுக்கு எப்படி என்று கேட்டார். நான் பஞ்சாங்கத்தை விரித்தேன். அவனுடைய இராசிக்கு எட்டாமிடத்திற் சந்திரன் நின்றான். சந்திராட்டமம் என்று சொன்னேன். சொன்னதோடு என் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அம்மூதாட்டி அன்று பேரனை வாசற்படி தாண்டவிடவில்லை. அணி அவனின்றியே தெரிவு செய்யப்பட்டது.

சில மாதங்களுக்குப் பின் அவன் பத்திரிகைத் துண்டொன்றோடு என்னிடம் வந்தான். இந்திய ஹொக்கி வீரர் தியான் சந்த் பிறந்ததும், இராணுவத்திற் சேர்ந்ததும், அதிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆகிய மூன்றும் ஓகஸ்ட் 29ஆந் திகதியிலேயே நிகழ்ந்தன என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்தத் திகதிக்கு அப்படி என்ன பலம் இருக்கிறது, தனக்கும் அப்படியொரு நாள் வருமா என்று அவன் கேட்டான். அவன் கேள்வியிற் குறும்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆயினும் அது என்னைச் சுட்டது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். படித்ததையே இங்கு வாசகர்முன் வைக்கின்றேன்.

சிப்பாயின் மகன்

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29இல் அலகாபாத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தையார் பிரித்தானிய இந்திய இராணுவத்திற் பணியாற்றியவர். அவரும் ஹொக்கி ஆடியவரே. இராணுவத்தார் குடும்பம் ஓரூரில் வேரூன்றுவதில்லை. தந்தை இடம்மாறுந்தோறும் பிள்ளைகளும் இடம்மாறினர். அதனால் தியான் சிங்கின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. குடும்பம் இறுதியில் ஜான்சி நகரில் நிலைகொண்டது. இளமையில் அவருக்கு மற்போரிலேயே விருப்பம். ஹொக்கி மட்டையைப் பெரிதாக எண்ணியவர் அல்லர். பிறவியிலேயே மேதை என்று சோதிடர் குறித்துவைக்கத் தக்க அடையாளம் எதுவும் அவரிடத்து அப்போது காணப்படவில்லை.

1922ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29இல் அவருக்குப் பதினேழு வயது நிறைந்தது. அன்றே அவர் முதலாவது பிராமணர் படைப்பிரிவிற் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஆசான் வாய்த்தார். பாலே திவாரி என்னும் சுபேதார் மேஜர் ஹொக்கியில் தீராத பற்றுடையவர். பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடுதல், ஓடும்போதே தோழனுக்குக் கொடுத்தல் ஆகிய அடிப்படைகளை அவரே கற்பித்தார். ஆசானில்லாத கல்வி கரையில்லாத குளம்போன்றது என்று என் வகுப்பிற் சொல்வதுண்டு. மல்யுத்தத்தை விரும்பிய பையனை ஹொக்கி வீரனாக்கியவர் அந்தப் படைவீரர்.

நிலவு தந்த பெயர்

சிப்பாய்க்குப் பகற்பொழுது சொந்தமன்று. அணிவகுப்பும் காவலும் பிற கடமைகளும் முடிந்தபின்னரே மட்டையை எடுக்கலாம். அக்காலத்து மைதானங்களில் மின்விளக்குகள் இல்லை. ஆகவே அவர் நிலவு எழும்வரை காத்திருந்து அதன் ஒளியிற் பழகினார். தோழர்கள் இதைக் கண்டு அவரைச் சந்த் என்று அழைத்தனர். சந்த் என்பது இந்தியிற் சந்திரனைக் குறிக்குஞ் சொல். தியான் சிங் என்ற பெயர் மறைந்து தியான் சந்த் என்ற பெயர் நிலைத்தது.

இவ்விடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன். எந்தச் சந்திரனைக் காட்டி ஒரு பையனை நான் வீட்டுக்குள் இருத்தினேனோ, அந்தச் சந்திரனையே விளக்காக்கிக்கொண்டு மற்றொரு பையன் உலகை வென்றிருக்கிறான். எட்டாமிடத்தில் நிற்கும் சந்திரனும் ஒளிதரத்தான் செய்கிறது.

கடல் கடந்த ஆட்டம்

1926இல் இந்திய இராணுவ ஹொக்கி அணி நியூசிலாந்துக்குச் சென்றது. இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்று விளையாடிய தொடக்ககால அணிகளுள் அது ஒன்று. ஆடிய 21 ஆட்டங்களில் 18இல் வென்று, இரண்டைச் சமன்செய்து, ஒன்றில் மட்டுமே தோற்றது. திரும்பி வந்தபோது சிப்பாய் தியான் சந்த் லான்ஸ் நாயக் ஆக உயர்த்தப்பட்டார்.

1928இல் அம்ஸ்ரடாமில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. ஆதிவாசி மக்களின் தலைவராகப் பின்னர் விளங்கிய ஜெய்பால் சிங் அவ்வணிக்குத் தலைமை தாங்கினார். பம்பாய்த் துறைமுகத்தில் அணியை வழியனுப்ப வந்தவர் மூவரே என்பர். ஒஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிற்சர்லாந்து ஆகிய அணிகளை வென்று, மே 26இல் நடந்த இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை மூன்று கோல்களால் வென்றது இந்தியா. ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் 29. அவற்றுள் தியான் சந்த் போட்டவை 14. எதிரணிகள் போட்ட கோல் ஒன்றேனும் இல்லை. அணி திரும்பியபோது பம்பாய்த் துறைமுகம் சனத்திரளால் நிறைந்தது. வழியனுப்ப வந்த மூவர் எங்கே, வரவேற்க வந்த கூட்டம் எங்கே! உலகம் வெற்றியின் முகத்தை மட்டுமே பார்க்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

1932இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்சில் நடந்த ஒலிம்பிக்குக்குப் புறப்பட்ட அணி, போகும் வழியில் இலங்கைக்கும் வந்து ஆடிற்று. நம் நாட்டணி ஒரு கோலும் போட இயலாது பெருந்தோல்வி கண்டது. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஓகஸ்ட் 4இல் யப்பான் 11–1 என்ற கணக்கிலும், ஓகஸ்ட் 11இல் அமெரிக்கா 24–1 என்ற கணக்கிலும் அவ்வணியிடந் தோற்றன. அந்த 24 கோல்களிற் பத்தைத் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் போட்டார். எட்டைத் தமையனார் போட்டார். தம்பி தமையனை மிஞ்சியதும், தமையன் அதுகண்டு மகிழ்ந்ததும் நம் வீடுகளில் நினைவுகூரத் தக்கவை. அவ்வணியின் தலைவர் லால் ஷா புகாரி, நாடு பிரிந்தபின் பாகிஸ்தானியராகி, அந்நாட்டின் உயர் தூதராக இலங்கையிற் பணியாற்றி 1959இல் மறைந்தார். அவ்வணிக்கும் நம் தீவுக்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பெய்ற்றன் கிண்ணத்துக்காக ஜான்சி ஹீரோஸ் என்னுந் தம் ஊர் அணியோடு அவர் ஆடி வென்றார். பிற்காலத்தில் தமது வாழ்விற் சிறந்த ஆட்டம் எதுவெனக் கேட்டவர்க்கு, ஒலிம்பிக் ஆட்டங்களையெல்லாம் விட்டு, 1933இல் கல்கத்தா சுங்க அணியோடு ஆடிய அந்த இறுதியாட்டத்தையே அவர் சொன்னார். ஊர்ப் பெயரைத் தாங்கி ஆடியது தங்கப் பதக்கத்தினும் அவர்க்கு இனித்தது போலும்.

1935இல் அவர் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் 48 ஆட்டங்கள் ஆடி 584 கோல்கள் போட்டது. 43 ஆட்டங்களில் இறங்கிய தியான் சந்த் மட்டும் 201 கோல்கள் போட்டார். அடிலெய்ட் நகரில் அவர் ஆட்டத்தைப் பார்த்த கிறிக்கெற் மேதை பிரட்மன், கிறிக்கெற்றில் ஓட்டம் எடுப்பதுபோல் இவர் கோல் போடுகிறாரே என்று வியந்தார்.

மழை மாற்றிய திகதி

இனி அவர் வாழ்வின் உச்சியைச் சொல்ல வேண்டும். 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் அவரே தலைவர். படிப்பிற் குறைந்தவர், சிப்பாயாகத் தொடங்கியவர், பட்டம் பெற்ற பலரைக் கொண்ட அணிக்குத் தலைமை தாங்கினார். ஜூலை 17இல் நடந்த பயிற்சியாட்டத்தில் இந்தியா ஜேர்மனியிடம் 4–1 என்ற கணக்கில் தோற்றது. அன்றிரவு தமக்கு உறக்கம் வரவில்லை என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். தாரா என்னும் ஆட்டக்காரரை அனுப்புமாறு தாயகத்துக்குச் செய்தி போயிற்று. அவர் விமானத்தில் வந்து சேர்ந்தார். பிறகு ஹங்கேரி, அமெரிக்கா, யப்பான், பிரான்ஸ் ஆகிய நாடுகளை இந்தியா ஒரு கோலும் கொடாமல் வென்றது.

இறுதியாட்டம் ஓகஸ்ட் 14இல் நடைபெற வேண்டியது. பெருமழை பெய்து மைதானம் நீரில் ஊறியதால் மறுநாளைக்கு மாற்றப்பட்டது. 15ஆந் திகதி காலையில் அணியினர் மனத்தில் அந்தப் பழைய தோல்வியின் நினைவு கனத்தது. ஆடை மாற்றும் அறையில் உதவி முகாமையாளர் பங்கஜ் குப்தா இந்தியக் காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து அவர்கள்முன் விரித்தார். பிரித்தானியப் பேரரசின் கொடியின்கீழ் ஆட வந்தவர்கள், யாருங் காணா அறையில் அந்தக் கொடியை வணங்கிவிட்டு மைதானத்துள் இறங்கினர்.

தரை ஈரமாக இருந்தது. முற்பாதியில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே கோல். இடைவேளைக்குப்பின் தியான் சந்த் ஆணிச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு இறப்பர் அடிச் சப்பாத்தோடு ஆடினார். இழுக்குந் தரையில் அது பிடிகொடுத்தது. அதன்பின் கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. முடிவில் இந்தியா 8, ஜேர்மனி 1. மூன்றாவது ஒலிம்பிக் தங்கமும் கிட்டியது. அக்காலத்து ஜேர்மனியத் தலைவனோடு அவரைச் சேர்த்துச் சொல்லப்படும் கதைகள் பல. அவற்றை நான் இங்கு எடுத்தாளவில்லை. இவ்வாறு ஆடி வென்றவர்க்கு வேறு அணிகலன் எதற்கு?

சரியாகப் பதினோராண்டுகள் கழித்து, 1947ஆம் ஆண்டு அதே ஓகஸ்ட் 15இல் இந்தியா விடுதலை பெற்றது. ஆடை மாற்றும் அறையில் மறைவாக வணங்கிய மூவண்ணம், இராட்டைக்குப் பதிலாகச் சக்கரந் தாங்கி, வெளிப்பட்ட வானிற் பறந்தது. இத்திகதிப் பொருத்தத்தைக் கண்டு மயங்காதவர் இலர். ஆயினும் மழை பெய்யாதிருந்தால் அந்த ஆட்டம் 14ஆந் திகதியிலேயே நடந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. திகதியை மாற்றியது மழை. எட்டுக் கோல்களைப் போட்டது மழையன்று.

மாலைப் பொழுது

இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக் விழாக்களும் நடைபெறவில்லை. அவருடைய ஆற்றலின் நடுப்பகல் அப்படியே கழிந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியிற் கிழக்காபிரிக்காவுக்கு அணியொன்றை அனுப்பும்படி கேட்டவர்கள், தியான் சந்த் வந்தாலன்றி அணியே வேண்டாம் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவர் மறுபடி மட்டையெடுத்துச் சென்றார். 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டார். அத்தோடு பெரிய ஆட்டங்களிலிருந்து மெல்ல விலகினார்.

அவருடைய தன்வரலாறு 1952இற் சென்னையிலே வெளியிடப்பட்டது. பெயர் கோல். அதன் தொடக்கத்திலேயே தம்மை ஒரு சாதாரண மனிதர் என்றுதான் அவர் அறிமுகஞ் செய்கிறார். அது போலிப் பணிவன்று என்பதை நூல் முழுதும் படிப்பவர் உணர்வர். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 29இல், இராணுவத்திற் சேர்ந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் நிறைந்த அன்று, அவர் ஓய்வு பெற்றார். பின்னர் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்திற் பயிற்றுநராக இருந்தார்.

1975ஆம் ஆண்டு மார்ச் 15இற் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்றது. வெற்றிக்கோலைப் போட்டவர் அவருடைய மகன் அசோக் குமார். அடுத்த ஆண்டு மொன்ரியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியது; இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தாம் கட்டிய வீடு தம் கண்முன்னே சரிவதைக் கிழவர் பார்த்தார்.

இறுதி நாள்களில் அவர்க்குப் பணமுடையும் இருந்தது, மனக்குறையும் இருந்தது. ஈரலிற் புற்றுநோய் கண்டு, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவமனையில் 1979ஆம் ஆண்டு டிசெம்பர் 3இல் உயிர்நீத்தார். ஜான்சியில், தம் ஊர் அணி ஆடிய அதே மைதானத்தில், அவருடலுக்கு எரியூட்டினார்கள்.

அதன்பின் மரியாதைகள் வரிசையாக வந்தன. 1980இல் அஞ்சல் முத்திரை. 2002இல் டில்லி தேசிய விளையாட்டரங்குக்கு அவர் பெயர். 2012 தொடக்கம் ஓகஸ்ட் 29 இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5இல் இந்திய ஆடவர் ஹொக்கி அணி நாற்பத்தொரு ஆண்டு இடைவெளிக்குப்பின் ஒலிம்பிக் பதக்கம் வென்றது. மறுநாள் நாட்டின் மிகவுயர்ந்த விளையாட்டு விருதுக்குத் தியான் சந்தின் பெயர் சூட்டப்பட்டது. உயிரோடிருந்தபோது ஒரு சிறு பங்கு கிடைத்திருந்தாலும் அந்த முதியவரின் மாலைப்பொழுது குளிர்ந்திருக்கும். செத்தபின் மாலை சூட்டுவதில் நாமும் எவர்க்கும் இளைத்தவர் அல்லோம்.

நாளா, ஆளா?

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகின்றேன். ஓகஸ்ட் 29இற் பிறந்தது அவர் செயலன்று. அதே திகதியிற் படையிற் சேர்ந்தது பதினேழு வயது நிறைந்ததால். அதே திகதியில் ஓய்வு பெற்றது முப்பத்துநான்காண்டுச் சேவை நிறைந்ததால். இராணுவக் கணக்கேடு ஒன்றே இப்பொருத்தத்தை உண்டாக்கியது, விண்மீன்கள் அல்ல. நான்காவதாக அத்திகதியைத் தேசிய நாளாக்கியது நன்றியுள்ள ஒரு நாடு.

வேறு நாட்டாரிடத்தும் இத்தகைய திகதிப் பொருத்தங்களைக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில், பேப் ரூத் என்பவர் 1927ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30இல் அப்பருவத்தின் அறுபதாவது ஹோம் ரன்னை அடித்தார். 1972இல் அதே திகதியில் றொபேட்டோ கிளெமென்டே தம் மூவாயிரமாவது ஹிட்டை அடித்தார். திகதி நல்லது என்று சொல்லத் தோன்றும். கிளெமென்டேயோ அவ்வாண்டு முடியுமுன்பே, நிலநடுக்கத்தால் வருந்திய நிக்கராகுவா மக்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிச்சென்ற விமானம் விழுந்து மாண்டார்.

கிறிக்கெற்றிலிருந்தும் ஒன்று சொல்வேன். 1948ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் பிரட்மன் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்ஸ் ஆட வந்தார். நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவருடைய சராசரி நூறாகியிருக்கும். இரண்டாவது பந்திலேயே ஆட்டமிழந்தார், ஓட்டம் ஒன்றுமில்லை. 1990இல் அதே ஓகஸ்ட் 14இல் மான்செஸ்டரில் பதினேழு வயதுச் சச்சின் டெண்டுல்கர் தம் முதலாவது டெஸ்ட் சதத்தை அடித்தார். ஒரே திகதி ஒருவர்க்குச் சுழியம் கொடுத்தது. மற்றொருவர்க்கு நூறு கொடுத்தது. சுழியம் பெற்றவரோ உலகம் கண்ட துடுப்பாட்டக்காரருள் தலையாயவர். இதிலிருந்து நாளுக்கு என்ன குணம் கற்பிப்பது?

நாள் என்பது வெறும் பாத்திரம். அதிலே ஊற்றுவது எதுவோ அதுவே அதன் சுவை. எங்கள் ஊர்ப் பெயரிலே பாலையும் உண்டு, ஊற்றும் உண்டு. வறண்ட நிலத்தைக் குறிக்குஞ் சொல்லும் அதுவே. இனிய பழந்தரும் மரத்தைக் குறிக்குஞ் சொல்லும் அதுவே. எதனைக் கொள்வது என்பது கொள்வோன் மனத்தைப் பொறுத்தது.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு எடுத்துச் சொன்னேன். சந்திராட்டமம் சொன்னது என் பிழையென்றும் சொன்னேன். ஆசிரியன் மாணவன்முன் பிழையை ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆனால் சொல்லி முடித்தபின் நெஞ்சு இலேசாயிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. தியான் சந்த் ஆணிச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு ஆடியது மெய்தானா என்று மட்டும் கேட்டான். மெய்தான் என்றேன்.

இவ்வாண்டுத் தெரிவுக்கான அறிவித்தல் வந்திருக்கிறது. அவனுடைய அம்மம்மா மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். பஞ்சாங்கம் வழமைபோல மேசைமேற் கிடந்தது. நான் அதனைத் திறக்கவில்லை. பேரன் நேரத்தோடு மைதானத்துக்குப் போகட்டும், போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.